வாடிய நுட்பத்தில் மலர்ந்தவர்

மூன்றாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல் துறை

விளையாட்டு என்றால் நம் பெரியோர்க்கு ஆகாது. தேர்வு நெருங்கிவிட்ட வேளையில் கைப்பேசியை விரலால் தட்டிக்கொண்டிருக்கும் மகனைக் கண்டு சினம் கொள்ளாத தந்தை எந்த ஊரில் இருக்கிறார்? அந்த வீட்டுச் சண்டைக்கு வித்திட்ட மனிதருள் ஒருவரைப் பற்றியே ஈண்டு எழுத முற்படுகிறேன். விஞ்ஞானிகளும் விடுதலை வீரர்களும் இடம்பெற வேண்டிய ஆண்டு மலரில் பொம்மை செய்தவருக்கு என்ன வேலை என்று ஆசிரியப் பெருமக்கள் கேட்கலாம். சற்றே பொறுத்து இறுதிவரை படிக்குமாறு அவர்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இது வென்றவர் கதை மட்டுமன்று. முப்பது ஆண்டுகள் உழைத்து உயர்ந்து, ஒரே ஆண்டில் வீழ்ந்து, மீண்டும் எழ முயன்று, அம்முயற்சியின் பயனைக் காணாமலே மறைந்த ஒருவரின் கதை.

அவர் பெயர் குன்பெய் யோக்கோய். ஜப்பான் நாட்டின் பழைய தலைநகராகிய கியோட்டோவில் 1941-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் பிறந்தார். கோயில்களும் கைவினைஞர்களும் நிறைந்த ஊர் அது. அவ்வூரிலேயே உள்ள தோஷிஷா பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பயின்று பட்டம் பெற்றார். பெரிய மின்னணு நிறுவனங்களில் வேலை தேடினார், கிடைக்கவில்லை. கல்லூரியை விட்டு வெளியேறும் நம்மில் பலருக்கு இந்த அனுபவம் காத்திருக்கிறது என்பதால் இதனை அழுத்திச் சொல்கிறேன். கடைசியில், வீட்டுக்குப் பக்கம் என்பதையும் ஒரு காரணமாகக் கொண்டு, 1965-இல் உள்ளூர்ச் சீட்டுக் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார்.

அந்தச் சீட்டுக் கம்பெனியின் பெயர் நிண்டெண்டோ.

இன்று அப்பெயரைக் கேட்டதும் கணினி விளையாட்டுகளே நினைவுக்கு வரும். ஆனால் 1889-இல் ஃபுசாஜிரோ யமவுச்சி என்பவர் அதனைத் தொடங்கியபோது அங்கு செய்யப்பட்டவை ஹனஃபுதா எனப்படும் மலர்ச் சீட்டுகள். மாதத்திற்கு ஒரு செடி அல்லது மரம், ஒவ்வொன்றிற்கும் நான்கு சீட்டு, ஆக மொத்தம் 48. நிறுவியவரின் கொள்ளுப்பேரர் ஹிரோஷி யமவுச்சி 1949-இல், பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, இருபத்திரண்டு வயதில் தலைமைப் பொறுப்பை ஏற்றார். கண்டிப்பும் சூதாட்டக்காரரின் துணிவும் ஒருங்கே கொண்டவர். சீட்டு விற்பனை சரியத் தொடங்கியதும் வாடகைக் கார் ஓட்டிப் பார்த்தார், வெந்நீர் ஊற்றினால் உண்ணத்தக்க சோறு விற்றுப் பார்த்தார், ஒன்றும் கைகூடவில்லை. இந்த நிலையில்தான் நம் யோக்கோய் அங்கே போய்ச் சேர்ந்தார். சீட்டு அச்சிடும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பதே அவர் வேலை. பட்டம் பெற்ற பொறியாளருக்கு எண்ணெய்க் குப்பியும் திருப்புளியும்!

இயந்திரங்கள் ஒழுங்காக ஓடும் நாள்களில் பழுது பார்ப்பவருக்குப் பொழுது போகாது. யோக்கோய் சும்மா இருக்கவில்லை. தொழிற்சாலைக் கருவிகளைக் கொண்டு, குறுக்கு நெடுக்காகச் சட்டங்களைப் பிணைத்து, கைப்பிடியை நெருக்கினால் நீண்டு சென்று எட்டாத பொருளைப் பற்றிக்கொள்ளும் ஒரு விளையாட்டுக் கையைச் செய்தார். வேலை நேரத்தில் அதை வைத்து விளையாடிக்கொண்டிருந்தபோது முதலாளி யமவுச்சி அந்தப் பக்கம் வந்துவிட்டார்! பின்னர் அறைக்கு அழைப்பு வந்தது. வேலை போயிற்று என்றே எண்ணிக்கொண்டு சென்றார் யோக்கோய். ஆனால் முதலாளியோ அதையே விற்பனைக்குரிய பொம்மையாகச் செய்து தருமாறு ஆணையிட்டார். 1966-இல் 'அல்ட்ரா ஹேண்ட்' என்ற பெயரில் வெளிவந்த அந்தப் பொம்மை பன்னிரண்டு லட்சம் விற்றது. பழுது பார்ப்பவர் பொம்மை ஆக்குபவர் ஆனார்.

அதன்பின் சில ஆண்டுகள் அவர் செய்தவற்றைப் பார்க்கும்போது நம் ஆய்வுக்கூடத்தை நினைத்துக்கொள்ளத் தோன்றுகிறது. 1969-இல் வந்த காதல் சோதனைக் கருவியை எடுத்துக்கொள்வோம். ஆணும் பெண்ணும் ஆளுக்கொரு உலோகப் பிடியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மற்றக் கைகளைக் கோத்துக்கொள்ள வேண்டும். இருவர் உடல் வழியாகவும் மிகச் சிறிய மின்னோட்டம் பாயும்; முள் நகர்ந்து காதலின் அளவைக் காட்டும். உள்ளே இருந்தது நாம் முதலாண்டில் கையாளும் கால்வனோமீட்டரின் உறவினம்தான். கை வியர்த்தால் மின்தடை குறையும். முள் மேலே ஏறும். காதலாவது ஒன்றாவது! பெண்களின் கையைப் பிடிக்க ஒரு சாக்கு வேண்டும் என்பதற்காகவே அதைச் செய்ததாக அவரே பின்னாளில் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். 1972-இல் வானொலி அலையால் இயங்கும் பொம்மைக் கார் ஒன்றைச் செய்தார். அக்காலத்தில் அத்தகைய கார்கள் மிகுந்த விலை. இவர் ஒரே ஒரு கட்டளையை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற உறுப்புகளை எல்லாம் நீக்கிவிட்டார். ஆகவே அந்தக் கார் நேராகப் போகும், இடப்பக்கம் திரும்பும்; வலப்பக்கம் திரும்பவே திரும்பாது. வட்டப் பாதையில் பந்தயம் விட அது போதாதா? விலை குறைந்தது, குழந்தைகள் வாங்கினர்.

வெற்றி மட்டுமே கண்டவர் அல்லர். ஷார்ப் நிறுவனத்தின் ஒளி மின்கலங்களைக் கொண்டு அவர் உருவாக்கிய ஒளித் துப்பாக்கிகள் நன்றாக விற்றன. அதே கருத்தைப் பெரிதாக்கி, ஆளில்லாமல் கிடந்த உருள்பந்து ஆட்டக் கூடங்களில் துப்பாக்கி சுடும் விளையாட்டு 1973-இல் அமைக்கப்பட்டது. அந்த ஆண்டின் இறுதியில் உலகெங்கும் எண்ணெய் நெருக்கடி மூண்டது. கேட்டவர்கள் எல்லாம் கேட்டதைத் திரும்பப் பெற்றனர். கம்பெனி பெருங்கடனில் மூழ்கி, அதைத் தீர்க்கப் பல ஆண்டுகள் திணறியது.

புகைவண்டியில் பிறந்த எண்ணம்

கடன் தீர்ந்த கதை சுவையானது. 1970-களின் இறுதி. ஷிங்கான்சென் என்னும் அதிவேகப் புகைவண்டியில் யோக்கோய் சென்றுகொண்டிருந்தார். பக்கத்தில் ஒருவர், அலுவலகப் பணியாளர் போலும், பொழுது போகாமல் தம் கால்குலேட்டரின் பொத்தான்களை அமுக்கி விளையாடிக்கொண்டிருந்தார். அந்தக் காட்சி யோக்கோயின் மனத்தில் தைத்தது. வளர்ந்த மனிதர், பிறர் கண்ணுக்குப் படாமல், கைக்குள் வைத்துக்கொண்டு விளையாடக்கூடிய ஒன்றைச் செய்தால் என்ன?

எண்ணம் முதலாளியிடம் சென்றதும் ஒரு தற்செயலே. யமவுச்சியின் கார் ஓட்டுநர் வராத ஒரு நாள், இடப்பக்கச் சுக்கான் கொண்ட அந்த வெளிநாட்டுக் காரை ஓட்டத் தெரிந்தவர் என்று யோக்கோயை அமர்த்தினர். பொறியாளரை ஓட்டுநர் ஆக்கியதில் அவருக்கு மனக்குறை இருந்திருக்கலாம். வழியில் ஏதேனும் தொழில் பேச்சுப் பேசிக் கௌரவத்தைக் காத்துக்கொள்ளலாம் என்று இந்தக் கால்குலேட்டர் கதையைச் சொன்னார். முதலாளி பதில் ஏதும் பேசவில்லை. ஆனால் அன்றைய கூட்டத்தில் அவர் அருகே அமர்ந்திருந்தவர் ஷார்ப் நிறுவனத்தின் தலைவர்! ஒரு வாரத்திற்குள் ஷார்ப் நிறுவனத்தார் நிண்டெண்டோவின் வாயிலுக்கு வந்துவிட்டனர்.

அவர்கள் ஏன் ஓடிவந்தார்கள் என்பதை அறிய வேண்டும். ஷார்ப், காசியோ ஆகிய இரு நிறுவனங்களுக்கிடையே கால்குலேட்டர் போர் நடந்து ஓய்ந்திருந்த காலம் அது. திரவப் படிகத் திரை செய்வதற்கான ஆலைகள் எழுந்துவிட்டன; கால்குலேட்டர் வாங்க வேண்டியவர் எல்லாம் வாங்கியும் விட்டனர். திரைகளின் விலை விழுந்துகொண்டிருந்தது. பிறருக்குச் சுமையாகிப் போன அந்தச் சரக்குதான் யோக்கோய்க்குக் கருவூலம்.

இங்கே ஓர் இடைச்செருகல். நம் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் நியூட்டன் வளையம் என்று ஒரு சோதனை உண்டு. சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியில், குவிவில்லைக்கும் கண்ணாடித் தகட்டிற்கும் இடையிலுள்ள மெல்லிய காற்றுப் படலத்தால் தோன்றும் வளையங்களை எண்ணி எண்ணிக் கண் வலித்தவர் பலர். யோக்கோயின் சிறு கருவியிலும் அதே வளையங்கள் தோன்றித் திரையைக் கெடுத்தன! மேலுறையும் திரையும் ஒன்றோடொன்று ஒட்டியும் ஒட்டாமலும் இருந்ததே காரணம். பரப்பின் மீது கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மேடுகளை அமைத்து, இடைவெளி மாறாதபடி செய்து அவர் அதைத் தீர்த்தார். நாம் மதிப்பெண்ணுக்காக எண்ணும் வளையம் அவருக்கு வாழ்வா சாவா என்ற வினாவாக வந்தது.

1980-இல் 'கேம் அண்ட் வாட்ச்' வெளிவந்தது. விளையாட்டு, கடிகாரம் இரண்டும் ஒன்றில். பதினொரு ஆண்டுகளில் ஏறத்தாழ அறுபது வகைகள் வந்தன. உலகெங்கும் 4 கோடியே 34 லட்சம் விற்றன. கடன் பறந்தது. 1982-இல் அவ்வரிசையில் வந்த 'டாங்கி காங்' என்ற கருவியில் யோக்கோய் ஒரு புதுமை செய்தார். மேல், கீழ், இடம், வலம் என்ற நான்கு திசைகளுக்கும் கூட்டல் குறி வடிவில் ஒரே பொத்தான். கட்டைவிரல் ஒன்று போதும். கண்ணால் பார்க்கவும் தேவையில்லை. எளிய பொருள்தான். ஆனால் அதன்பின் வந்த விளையாட்டுக் கருவிகளில் மிகப் பலவும் அதைப் பின்பற்றின. தொண்ணூறுகளில் நம் ஊர்க் கடைகளில் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடுவதற்கு விற்ற மலிவுக் கருவிகளின் கைப்பிடியிலும் அந்தக் கூட்டல் குறிதான் இருந்தது. அது யார் மூளையில் உதித்தது என்று நமக்கு அப்போது யாரும் சொல்லவில்லை.

இதற்கிடையே 1981-இல் இன்னொரு வேலையும் அவர் தலையில் விழுந்தது. அமெரிக்காவுக்கு அனுப்பிய விளையாட்டுப் பெட்டிகளில் இரண்டாயிரம் விற்காமல் தேங்கிவிட்டன. அவற்றிற்குள் புதிய ஆட்டம் ஒன்றைப் புகுத்தும் பணி ஷிகேரு மியமோட்டோ என்ற இளம் ஓவியரிடம் தரப்பட்டது, மேற்பார்வை யோக்கோய். அவ்வாறு பிறந்ததே 'டாங்கி காங்'. அதில் தாவிக் குதித்த தச்சர்தான் பின்னாளில் மரியோ என்று உலகப் புகழ் பெற்றார். மியமோட்டோவின் புகழ் ஓங்கியது. யோக்கோய் பின்னால் நின்றார். அதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

அவர் கண்ட நெறி

யோக்கோயின் நெறியை ஓரிரு சொற்றொடரில் கூறிவிடலாம், பின்பற்றுவதுதான் கடினம். புத்தம் புதிய நுட்பத்தைத் தேடி ஓடாதே. நன்கு பழகி, குறைகள் தெரிந்து, விலையும் வீழ்ந்து வாடிப்போன நுட்பத்தை எடு. அதை எவரும் நினையாத பக்கத்தில் பயன்படுத்து. அவர் கையாண்ட சொல்லும் வாடிய நுட்பம் என்பதே. வாடியது என்றால் செத்தது என்று பொருளில்லை. நம் வீட்டில் பழைய சேலை தொட்டிலாவது போல.

இந்நெறியின் உச்சம் 1989 ஏப்ரல் 21-இல் ஜப்பானில் வெளிவந்த 'கேம் பாய்'. சடோரு ஒகாடா முதலியோரைக் கொண்ட யோக்கோயின் பிரிவு அதை உருவாக்கியது. வண்ணமில்லாத திரை. அதிலும் நான்கே சாயல்கள். பச்சை படர்ந்த மங்கல். இருட்டில் தெரியாது. உள்ளிருந்த மூளையோ 1976-இல் வந்த ஒரு சில்லின் வழித்தோன்றல். தொடக்கத்தில் அமைத்த திரை நேராகப் பார்த்தால் சரியாகத் தெரியவில்லை என்று யமவுச்சி சினந்து திட்டத்தையே கைவிடும் நிலைக்கு வந்ததாகவும், வேறு வகைத் திரையால் தப்பியதாகவும் வரலாறு.

எதிரே நின்றவர்கள் சாதாரணமானவர்கள் அல்லர். அடாரி நிறுவனத்தின் 'லிங்க்ஸ்' அதே ஆண்டில் வண்ணத் திரையோடு வந்தது. செகா நிறுவனத்தின் 'கேம் கியர்' அடுத்த ஆண்டு வண்ணத் திரையோடு வந்தது. அவற்றோடு ஒப்பிட்டால் கேம் பாய் ஏழை வீட்டுப் பிள்ளை. ஆனால் அந்த இரண்டும் ஆறு பாட்டரிகளை ஐந்து மணி நேரத்திற்குள் விழுங்கிவிடும். கேம் பாய் நான்கு பாட்டரிகளில் பத்து மணி நேரத்திற்கு மேல் ஓடும். பிள்ளைகளுக்குப் பாட்டரி வாங்கித் தருபவர் பெற்றோர் அல்லவா? விலையும் 12,500 யென்தான். கீழே போட்டாலும் உடையாது. முதல் இரண்டு வாரத்திலேயே மூன்று லட்சம் விற்றது. பின்னர் வந்த வண்ணப் பதிப்பையும் சேர்த்து மொத்தம் 11 கோடியே 86 லட்சத்திற்கும் மேல். 1991 வளைகுடாப் போரில் தீயில் கருகிய கேம் பாய் ஒன்று, உறை உருகிய பின்னும் இயங்கிக்கொண்டு, நியூயார்க்கிலுள்ள நிண்டெண்டோ கடையில் பல ஆண்டுகள் காட்சிக்கு இருந்தது.

வீழ்ச்சி

புகழின் உச்சியில் இருந்தவர் ஏன் விழுந்தார்? இதுவே நான் இக்கட்டுரை எழுதப் புகுந்ததன் காரணம்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ரிஃப்ளெக்ஷன் டெக்னாலஜி என்ற சிறு நிறுவனம் ஒரு விந்தையை வைத்திருந்தது. செந்நிற ஒளி உமிழ் டையோடுகள் ஒரே வரிசையில். எதிரே விரைந்து அதிரும் கண்ணாடி. கண்ணாடியின் அசைவால் அந்த ஒற்றை வரிசை முழுப் படமாகக் கண்ணில் விரியும். இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட படம் காட்டினால் ஆழம் தோன்றும். சுற்றிலும் கரிய வெளி. அதில் மிதக்கும் சிவந்த உருவங்கள். அதைக் கண்ட யோக்கோய் மயங்கினார். திரை என்ற சட்டமே இல்லாத உலகம்!

ஏன் சிவப்பு மட்டும்? சிவப்பு டையோடு பழையது, மலிவானது, மின்சாரம் குறைவாகக் குடிப்பது. அதாவது வாடிய நுட்பம். நீல டையோடு அப்போதுதான் பிறந்துகொண்டிருந்தது. அதன் ஆக்கத்திற்காக அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவரும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றதை நம் துறை மாணவர் அறிவர். எனவே யோக்கோய் தம் நெறியை மறந்துவிட்டார் என்று எழுதுவோரை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நெறி அதேதான்.

பிறகு எங்கே பிழை? முதலில் தலையில் அணியும் கருவியாகவே எண்ணப்பட்டது. வழக்கு அச்சம் வந்தது. ஜப்பானில் பொருள் செய்வோரைப் பொறுப்பாக்கும் சட்டம் 1995 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த நேரம். அணியும் கருவி, மேசை மேல் கால் ஊன்றி நிற்கும் பெட்டியாயிற்று. குனிந்து முகத்தை அதற்குள் புதைக்க வேண்டும், கழுத்து வலிக்கும். குழந்தைகளின் கண்ணுக்குக் கேடு வருமோ என்று ஷெப்பன்ஸ் கண் ஆய்வு நிலையத்தைக் கலந்தனர். ஏழு வயதிற்குட்பட்டோர் பார்க்கலாகாது என்ற எச்சரிக்கை பெட்டியின் மேல் ஏறியது. நேரமோ நெருக்கியது. சோனியின் 'பிளேஸ்டேஷன்' 1994 டிசம்பரில் வந்துவிட்டது. நிண்டெண்டோவின் பெரிய கருவி 1996 ஜூனுக்கு முன் ஆயத்தமாகாது. இடைவெளியை நிரப்ப ஏதேனும் வேண்டும் என்ற அவசரத்தில், முழுமை பெறாத கருவியைச் சந்தைக்கு இழுத்து வந்தனர்.

1995 ஜூலை 21-இல் 'வெர்ச்சுவல் பாய்' 15,000 யென் விலையில் வெளிவந்தது. முப்பது லட்சம் விற்கும் என்று எதிர்பார்த்தார்கள். எல்லா நாடுகளிலும் சேர்த்து ஏறத்தாழ 7,70,000-தான் விற்றது. அவ்வாண்டு இறுதிக்குள் ஜப்பானில் நிறுத்தினர். அடுத்த ஆண்டு அமெரிக்காவிலும் முடிந்தது. ஆட்டங்கள் மொத்தமே 22.

என் சிற்றறிவுக்குப் படுவது ஒன்று. யோக்கோயின் முந்தைய பொம்மைகள் எல்லாம் பக்கத்தில் ஒருவர் இருந்தால் சிறப்பவை. நீளும் கை, கைகோக்கும் காதல் கருவி, கம்பியால் இணைத்து இருவர் ஆடும் கேம் பாய், எதுவாயினும் சரி. வெர்ச்சுவல் பாய்க்குள் முகம் புதைத்தவரைச் சுற்றி நிற்பவர்க்கு ஒன்றுமே தெரியாது. கடையில் நிறுத்திக் காட்ட முடியாது. தொலைக்காட்சி விளம்பரத்தில் ஆழத்தைக் காட்ட முடியாது. தட்டையான தாளில் அச்சிட்டால் வெறும் சிவப்புக் கோடு. பார்த்தவரே நம்பக்கூடிய பொருளை, பாராதவர்க்கு எவ்வாறு விற்பது?

1996 ஜூலையில், அதே கேம் பாயைச் சிறிதாக்கி, இரண்டே மெல்லிய பாட்டரிகளில் ஓடும் 'கேம் பாய் பாக்கெட்'டை முடித்துக் கொடுத்தார் யோக்கோய். ஆகஸ்டில், 31 ஆண்டு பணிக்குப்பின், நிண்டெண்டோவை விட்டு விலகினார். தோல்விக்குப் பொறுப்பேற்றுப் போனார் என்று செய்தித்தாள்கள் எழுதின. அப்படியன்று, ஐம்பது வயதையொட்டித் தனித்தொழில் காண நெடுநாளாகவே எண்ணியிருந்தேன் என்ற கருத்துப்பட அவர் ஓர் இதழில் விளக்கம் எழுதினார். இரண்டுமே ஓரளவு உண்மையாக இருக்கலாம். நெடுநாள் எண்ணத்தை ஒரு தோல்வி வந்து தட்டி எழுப்புவதும் உண்டு.

மீண்டும் எழும் முயற்சி

செப்டம்பர் மாதமே கியோட்டோவில் 'கோட்டோ' என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். வயது 55. சாவிக்கொத்தில் தொங்கும் சிறு திரவப் படிக விளையாட்டுகளில் மீண்டும் தொடங்கினார். ஏறிய ஏணியின் முதற்படிக்கே மீண்டும் வந்தார் எனலாம். இதற்கு மனத்திடம் வேண்டும்.

அப்போது பண்டாய் என்ற பொம்மை நிறுவனம் அவரை நாடிற்று. பண்டாயின் நிலையும் விந்தையானது. 1996-இல் 'தமகோச்சி' என்ற முட்டை வடிவப் பொம்மையால் பெரும்பொருள் ஈட்டியது. அதே ஆண்டில் ஆப்பிள் நிறுவனத்தோடு சேர்ந்து வெளியிட்ட 'பிப்பின்' கருவியால் பெரும்பொருள் இழந்தது. 1997-இல் செகாவோடு இணைவதாக அறிவித்துப் பின் முறித்துக்கொண்டது. கேம் பாய்க்கு எதிராகக் கையடக்கக் கருவி ஒன்று செய்ய விரும்பிய பண்டாய்க்கு, கேம் பாயைச் செய்தவரை விடச் சிறந்தவர் யார்?

யோக்கோய் தம் பழைய நெறியையே மீண்டும் கையிலெடுத்தார். வண்ணம் வேண்டாம். ஒரே ஒரு சிறு பாட்டரி. அதில் முப்பது மணி நேரத்திற்கு மேல் ஓட வேண்டும். கிடையாகவும் பிடிக்கலாம், நெட்டையாகவும் பிடிக்கலாம். அதற்காக இடப்பக்கம் நான்கு நான்காக இரு தொகுதிப் பொத்தான்கள். கூட்டல் குறிப் பொத்தானை உலகிற்குத் தந்தவரின் கடைசிக் கருவியில் அந்தப் பொத்தான் இல்லை.

1997 அக்டோபர் 4-ஆம் நாள் மாலை. இஷிகாவா மாவட்டத்தில் ஹொகுரிகு விரைவுச் சாலையில், நண்பர் ஒருவர் ஓட்டிய காரில் யோக்கோய் சென்றுகொண்டிருந்தார். முன்னே சென்ற சரக்குந்தின் மேல் கார் இலேசாக மோதியது. பெரிய சேதமில்லை. என்ன ஆயிற்று என்று பார்க்க இறங்கினார். பின்னால் வந்த வேறொரு கார் அவர் மீது மோதிவிட்டது. பழுது பார்ப்பவராகத் தொடங்கியவர், பழுதைப் பார்க்க இறங்கியபோதே மாண்டார். வயது 56.

அவருடைய கருவி 'வொண்டர்ஸ்வான்' என்ற பெயரில் 1999 மார்ச் 4-இல் வெளிவந்தது. விலை 4,800 யென். அதனோடு வந்த ஆட்டங்களுள் ஒன்று, கோடுகளை இணைத்து மறையச் செய்யும் புதிர். உடன் உழைத்தவர்கள் அதற்கு 'குன்பெ' என்று அவர் பெயரையே சூட்டினர். ஜப்பானிய விளையாட்டு நிறுவனங்களுக்கு அது புயற்காலம். செகா 2001-இல் கருவி செய்வதையே விட்டது. ஸ்கொயர் 2003-இல் எனிக்சோடு இணைந்தது. பண்டாயே 2005-இல் நாம்கோவோடு இணைந்தது. அந்தப் புயலில் வொண்டர்ஸ்வான் ஜப்பானில் மட்டும் ஏறத்தாழ 35 லட்சம் விற்றது. வண்ணப் பதிப்பும் வந்தது. ஆனால் 2001-இல் நிண்டெண்டோவின் 'கேம் பாய் அட்வான்ஸ்' வந்தபின் தாக்குப்பிடிக்க இயலாமல் 2003-இல் நின்றுபோயிற்று. யோக்கோய் உயிரோடு இருந்திருந்தால் முடிவு மாறியிருக்குமா என்று கேட்பது வீண். தாம் உருவாக்கிய கேம் பாயின் பிள்ளையே தம் கடைசிப் பிள்ளையை வென்றது என்பதை மட்டும் சொல்லலாம்.

நிண்டெண்டோவுக்கும் அக்காலம் நல்ல காலமன்று. பெரிய கருவிகளில் சோனியிடம் இரு முறை தோற்றிருந்தது. 2004-இல் அது இரண்டு திரை கொண்ட ஒரு கையடக்கக் கருவியை வெளியிட்டபோது பலர் நகைத்தனர். யோக்கோய் 1982-லேயே கேம் அண்ட் வாட்ச் வரிசையில் இரண்டு திரைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து வைத்திருந்தார் என்பது பழையவர்களுக்கு மட்டும் நினைவிருந்தது. அந்த 'டி.எஸ்.' கருவி 15 கோடியே 40 லட்சம் விற்றது.

2003-இல், மறைந்து ஆறு ஆண்டுகளுக்குப்பின், உலக விளையாட்டு ஆக்குநர் சங்கம் யோக்கோய்க்கு வாழ்நாள் பணிக்கான விருதை வழங்கியது. வெர்ச்சுவல் பாயோ நெடுங்காலம் நகைப்புக்குரிய பொருளாகவே இருந்தது. அதன் உரிமையாளர்களே அதன் பெயரைச் சொல்லக் கூசினர். 2025 செப்டம்பரில் நிண்டெண்டோ ஓர் அறிவிப்புச் செய்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன் வந்த அந்தச் சிவப்பு ஆட்டங்களை மீண்டும் தரப் போவதாகவும், அவற்றைக் காண்பதற்காக அதே வடிவில், மேசை மேல் கால் ஊன்றி நிற்கும் அதே சிவப்புப் பெட்டியைச் செய்து விற்கப் போவதாகவும்.